கவிழ்த்து வைத்த தகடு

தகட்டுக்கு அளவுப் படம் வரைந்த அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அவர். அவருடைய சம்சாரம், நான் மதினி என்று கூப்பிடுகிறவர். கொல்லையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் மாதா கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர். வாசல்படியில் ஒரு காலை வைத்து நின்றபடியே பேசிவிட்டுப் பத்து நிமிஷத்தில் போய்விட்டார். நான்காவது ஆள் நான். வேறு யாரும் இல்லை. இதை இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படத்தைப் பிடித்த கை யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது. கீபோர்டுக்காரர் போன பிறகுதான் பிடித்தது. மதினிக்கு இரண்டு கையும் மீன். பிடித்தவன் நான்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: அவர் யாரிடமும் எதையும் பிடிக்கச் சொன்னதில்லை. ஏணியைப் பிடி, கயிற்றைப் பிடி, இந்தப் பையைக் கொஞ்சம் பிடி என்று மற்றவர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். அந்த வார்த்தை அவர் வாயில் வராது.

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் அவரும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் எட்டாவது வரைதான். ஒன்பதாவதுக்கு பஸ் ஏறிப் போக வேண்டும். பஸ் கவிழ்ந்துவிடும் என்று பயந்தே நான் நின்றுவிட்டதாக வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். பாதி உண்மை. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து தூக்கிய டப்பாவைக் கவிழ்த்தால் ஆள் இடுப்பளவுக்கு ஒரு பார் ஐஸ் வழுக்கி விழும். கொக்கி போட்டு இழுத்துப் போய் கிரஷரில் தள்ள வேண்டும். தூளானது படகுக்குப் போகும். ஒரு பாரை இரண்டு பேர் இழுப்பதுதான் வழக்கம். அவர் ஒரே ஆளாக இழுப்பார். நான் ஓடிப் போய் மறுமுனையில் கொக்கி போட்டால் விரட்டுவார்.

"தள்ளிக்க தம்பி. நீ பிடிச்சா எனக்கு ரெண்டு வேலை. ஐஸையும் பாக்கணும், ஒன்னையும் பாக்கணும்."

என் சுபாவம் அப்படி. மணிக்கு நாலு தடவை போய், ஐஸ் உறைய வைக்கிற அமோனியா வாயு கசிந்து வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். மோட்டார் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஈரக் காலோடு சுவிட்ச் பக்கம் யாராவது போனால் கத்துவேன்.

"மொதலாளி ஒனக்குச் சம்பளம் குடுக்குறது வேலைக்கா, பயப்படுறதுக்கா?" என்று கேட்பார்.

"ரெண்டுக்கும் சேத்துத்தாண்ணே."

"அப்பக் கம்மியாத்தான் குடுக்குறாரு."

அவர் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

அவர் விரல் போனதும் யாரையும் கூப்பிடாத அந்தக் குணத்தால்தான். கிரஷர் வாயில் ஒரு ஐஸ் துண்டு சிக்கிக்கொண்டது. சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். "தம்பி, நிறுத்து" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. இடது கையால் தட்டிவிடப் பார்த்தார். ஐஸ் முதலில் வெள்ளையாகத்தான் விழுந்தது. பிறகு நான் சுவிட்சை அடித்தேன்.

சுட்டுவிரல் அடியோடு போயிற்று. நடுவிரலும் மோதிர விரலும் பாதி. கட்டை விரலும் சுண்டு விரலும் தப்பித்தன. தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே இறுக்கிக் கட்டினார். நான் கட்டப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டார். ஆட்டோவில் அறந்தாங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை நான்தான் அழுதுகொண்டு வந்தேன். இறங்கியதும் வலது கையால் சட்டைப் பையிலிருந்து காசை எடுத்து அவரே வாடகை கொடுத்தார். "ஒன் மூக்கத் தொடைப்பா, டாக்டரு ஒன்னையப் படுக்கப் போட்டுரப் போறாரு" என்றார்.

மூன்று மாதம் கழித்து அவர் சட்டைப் பித்தானை எப்படிப் போடுகிறார் என்று பார்த்தேன். சட்டையின் கீழ் முனையைக் கதவிடுக்கில் கொடுத்துக் கதவைக் காலால் சாத்தி, துணி விறைப்பாக நிற்கும்போது ஒரே கையால் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு கதவைத் திறந்து தன்னை விடுவித்துக்கொண்டார். மதினி நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"ஒரு வார்த்த சொன்னா நான் போட்டுவிட மாட்டனா?" என்றார் மதினி என்னிடம். "கதவுகிட்டச் சொல்றாரு, கட்டுனவகிட்டச் சொல்ல மாட்டாரு."

"கதவு திருப்பிப் பேசாதுல்ல" என்றார் அவர்.

விரல் போனதில் அவர் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் கலங்கினார். கிட்டார். கல்யாணத்துக்கு முன்னாடி திருச்சியில் ஒரு பழைய கடையில் வாங்கியது. போனில் வீடியோ பார்த்து அவராகவே படித்துக்கொண்டார். எங்கள் கோயில் பாடற்குழுவில் கிட்டார் என்றால் அவர்தான். கீபோர்டுக்கு இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவருக்கென்று கிடக்கும். வேறு யாரும் உட்கார மாட்டார்கள். கம்பிகளை அழுத்துகிற கை இடது கை. அதில்தான் விரல் இல்லை.

ஒரு நாள் போனபோது கம்பிகளை எல்லாம் கழற்றித் தலைகீழ் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார். மேலே கம்பி உட்காருகிற பள்ளங்களை அரத்தால் ராவி அகலப்படுத்தியிருந்தார். இனி வலது கையால் அழுத்துவது, இடது கையால் மீட்டுவது. மீட்டுகிற வில்லையைக் கட்டை விரலுக்கும் அரை நடுவிரலுக்கும் இடையில் கொடுத்துக்கொண்டார்.

"நொட்டாங்கையால வாசிக்கிறவன் ஒலகத்துல இல்லையா? இருக்கான். வீடியோல பாத்தேன்" என்றார்.

"அவனுக்கு அஞ்சு விரலும் இருக்குமேண்ணே" என்று என் வாய் சொல்லிவிட்டது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் பிடித்தது. முதலில் குழந்தை தட்டுகிற மாதிரி இருந்தது, பிறகு பாட்டு மாதிரி ஆனது. ஆனால் ஒரு தொல்லை. கிட்டாரின் நடு ஓட்டைக்குக் கீழே நீர்த்துளி வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருக்கும். பிக்கார்டு என்பார்கள். வில்லை மரத்தில் உரசாமல் காப்பது அதுதான். வலது கைக்காரனுக்காகச் செய்த கிட்டார் அது. இவர் அதைத் திருப்பி வைத்துக்கொண்டதும் தகடு ஓட்டைக்கு மேலே போய்விட்டது. வில்லை உரசுகிற இடத்தில் வெறும் மரம். அரை விரலால் பிடித்த வில்லை ஒழுங்காக நிற்காது, ஒவ்வொரு மீட்டலுக்கும் மரத்தைக் கீறும். வார்னிஷ் போய், மரம் குழிந்து, குழியில் வில்லை மாட்டித் தெறித்தது. பாடல் பயிற்சியில் மைக் வைத்தபோது பாட்டைவிட 'சரக் சரக்' என்பதுதான் பெரிதாகக் கேட்டது. கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி இருக்கிறதென்று பாடுகிற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இடது கைக்கு அந்தத் தகடு கடையில் கிடைக்கவில்லை. செய்துவிடுவது என்று முடிவு பண்ணினார்.

அது தடைக்காலம். படகுகள் கடலுக்குப் போகாத இரண்டு மாதம் ஐஸுக்கும் வேலை கிடையாது. கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. போனில் விசாரித்துச் சென்னையிலிருந்து ஒரு ஷீட் வரவழைத்தார். நோட்டுப் புத்தக அளவு. ஒரு பக்கம் ஆமை ஓடு மாதிரி பழுப்பும் கறுப்பும் கலந்து பளபளக்கும், மறு பக்கம் வெறும் வெள்ளை. கூரியரோடு சேர்த்து அறுநூற்று நாற்பது ரூபாய். வேலை இல்லாத மாதத்தில் அந்தத் தொகை என்ன என்பது மதினியின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

சாமான்கள் இவ்வளவுதான்: உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்று, பிடிக்கிற இடத்தில் துணி சுற்றியது, ஒரு தட்டை அரம், ஒரு எலிவால் அரம், உப்புத்தாள், கோணி ஊசி, ஒரு கண்ணாடிச் சில்லு, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், தகட்டுக்கு மட்டும் போதுமான அளவு. அளவு எடுக்க ஒளி ஊடுருவுகிற தாள் வேண்டும் என்று தேடி, பீரோவுக்கு மேலே சுருட்டி வைத்திருந்த எக்ஸ்ரே படத்தை எடுத்தார். அவருடைய கைதான். இரண்டு விரலும் இரண்டு அரை விரலும். அதைப் பழைய தகட்டின் மேல் விரித்து, ஓரத்தைச் சுற்றி ஊசியால் கீறி, கத்தரித்து எடுத்தார். அவர் உள்ளங்கையின் நடுவிலிருந்து ஒரு பெரிய நீர்த்துளி வெட்டுப்பட்டு வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"வேற படம் இல்லையாண்ணே?"

"ஏன், வலிக்குதா?" என்றார்.

யோசனை எளிதானது. பழைய தகட்டின் வடிவத்தைத் திருப்பிப் போட்டால் இடது கைக்கு ஆகிவிடும். "திருப்புனா தீந்துச்சு" என்று இரண்டு நாளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குக் கீபோர்டுக்காரர் வந்தார். கிட்டாரை அறந்தாங்கியில் சவுண்டு சர்வீஸ்காரரிடம் கொடுத்து, ஸ்பீக்கரில் செருகுகிற மாதிரி ஜாக் வைத்து வாங்கி வருவதாக ஏற்பாடு. அவர் கெட்டவர் இல்லை. வாசல்படியில் நின்றுதான் சொன்னார்.

"கொடியேத்தப் பூசையில வாசிங்கண்ணே. வாசிச்சுட்டீங்கன்னா ஒங்க எடம் ஒங்களுக்குத்தான். கோச்சுக்காதீங்க, அந்தச் சரக் சத்தம் மட்டும் வரக் கூடாது. அது வந்துச்சுன்னா பாக்குறவங்க என்னையத்தான் கேப்பாங்க. புதுசா வாங்கியிருக்கிற கீபோர்டுப் பெட்டியில கிட்டார் சத்தமே இருக்கு, பட்டனத் தட்டுனாப் போதும். ஒங்களுக்காகத்தான் தட்டாம இருக்கேன்."

"கொடியேத்தத்துக்கு வாசிப்பேன்" என்றார் அவர்.

அவர்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்த நேரம் நான் உள்ளே சும்மா இல்லை. பலகையில் ஷீட் பளபளக்கிற பக்கம் மேலே தெரியக் கிடந்தது. கோடு போடப் போவது ஊசியால். ஊசி வழுக்கினால் அறுநூற்று நாற்பது ரூபாயிலும் கீறல் விழும். ஷீட்டை எடுத்துத் துடைத்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி கவிழ்த்து வைத்தேன்.

அவர் திரும்பி வந்து பார்த்தார். முகம் வேறெங்கோ இருந்தது. கிட்டாரைக் கொண்டு போகிற ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டுக்கொண்டிருந்தது.

"கவுத்து வச்சிருக்கேண்ணே, கீறல் விழுந்துரக் கூடாதுன்னு."

"நல்லதுதான். வெள்ளையில கோடு தெளிவாத் தெரியும்."

வெட்டி எடுத்த எக்ஸ்ரே படத்துண்டை ஷீட்டின் மேல் வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகச் சுருட்டி வைத்திருந்தது, ஓரமெல்லாம் எழும்பிக்கொண்டது. இடது கையை வைத்தார், வழுக்கியது. அம்மிக்குழவியை எடுத்து வந்தார், அது கோடு போகிற இடத்தையே மறைத்தது. முழங்காலை வைத்தார். டேப்பைப் பார்த்தார், அது தகட்டுக்கு மட்டும்தான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்தா. பிடி."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே தெரியவில்லை. கொல்லையில் மதினி மீன் கிள்ளுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே?"

"பிடின்னேன். ஆனா ஒண்ணு. வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் எந்தச் சந்தேகமும் கேக்கக் கூடாது. கை ஆடுதா, ஊசி வழுக்குதா, மழ வருதா, ஒண்ணும் கூடாது. இன்னைக்கு ஒரு நாள் வாயத் தொறக்காமப் பிடி. திருப்பிப் போட்டுப் பிடி."

நான் படத்தைத் திருப்பிப் போட்டுப் பத்து விரலாலும் அமுக்கிப் பிடித்தேன். திருப்பியதும் துண்டில் தெரிந்த பாதிக் கை வலது கையாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அது தோன்றியது. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி ஒரு தடவை திருப்பினால் தையல் தெரியும். இன்னொரு தடவை திருப்பினால் பழையபடி நல்ல பக்கம்தானே? படத்தைத் திருப்பியிருக்கிறோம். ஷீட்டையும் நான் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இரண்டு திருப்பு. அப்படியென்றால்?

வாயைத் திறந்தேன். ஊசி பாதி வளைவில் இருந்தது. அவர் நிமிராமலே, "ம்?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே."

நான் எட்டாவது வரை படித்தவன். கணக்கில் என்றைக்கும் தேறியதில்லை. அமோனியா ஒரு நாளும் கசியவில்லை, பஸ் ஒரு நாளும் கவிழவில்லை. என் சந்தேகம் எதுவும் என்றைக்கும் பலித்ததில்லை. அவர் கிட்டார் வாசிக்கிறவர், பள்ளம் ராவித் தலைகீழாகக் கம்பி மாட்டியவர், இதை யோசிக்காமலா இருப்பார்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிட, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தேன். என் கை அன்றைக்கு ஆடவே இல்லை.

அதன் பிறகு ஆறு நாள் அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மறுபடி பிடிக்கச் சொல்லவில்லை. பலகையையும் ஷீட்டையும் சேர்த்துக் கதவிடுக்கில் கொடுத்து, கதவுக்கு ஒரு செங்கல் வைத்து, பிளேடால் ஒரு இழுப்பு, ஒரு ஊது. வளைவில் பிளேடு திரும்பாது. அதனால் ஓரத்தில் பல் பல்லாக வெட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு பல்லாக ஒடித்து, அரத்தால் ராவினார். ஓட்டையைச் சுற்றி வருகிற உள்வளைவுக்கு எலிவால் அரம். எக்ஸ்ரே துண்டை அடிக்கடி மேலே வைத்துப் பார்ப்பார். கிட்டார்தான் அறந்தாங்கியில் இருந்ததே, வேறு எதில் வைத்துப் பார்ப்பது? படத்தோடு மயிரிழை பிசகவில்லை. பிறகு பளபளக்கிற பக்கத்தைத் திருப்பி, கை உரசாமல் இருக்க ஓரம் முழுவதையும் கண்ணாடிச் சில்லால் சீவிச் சரித்தார். உப்புத்தாள். ஈர உப்புத்தாள். கடைசியில் பற்பசையைத் துணியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, கடையில் வாங்கினதுகூட அப்படி இருக்காது.

"தொட்டுப் பாரு" என்றார். ஓரம் கூழாங்கல் மாதிரி இருந்தது. "பயப்படாமச் சொல்லு, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே" என்றேன். ஆறு நாளும் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. வீட்டில் கேட்டார்கள், வெயில் என்று சொன்னேன்.

ஏழாம் நாள் சாயங்காலம் கிட்டார் வந்தது. மதினி மடியில் ஒரு துணியை விரித்துக்கொண்டு பார்க்க உட்கார்ந்தார். அவர் தகட்டை ஓட்டைக்குக் கீழே, மரம் குழிந்த இடத்தில் வைத்தார். உள்வளைவு வெளியே பார்த்தது. சுற்றித் திருப்பினார். கூர்முனை ஓட்டைக்குள் நீட்டியது. இன்னும் ஒரு சுற்று. பிறகு மெதுவாக அதை எடுத்து, ஓட்டைக்கு மேலே இருந்த பழைய தகட்டின் மேல் வைத்தார். மூடி போட்ட மாதிரி உட்கார்ந்தது. பழைய தகடு எந்தப் பக்கத்திலும் நூலளவும் வெளியே தெரியவில்லை.

இரண்டு கையும் நன்றாக இருக்கிறவனுக்கான தகட்டை, அவன் கிட்டாரில் ஏற்கனவே ஒட்டியிருக்கிற தகட்டை, எட்டு விரல்கூட முழுதாக இல்லாத ஒரு மனிதர் ஆறு நாள் உட்கார்ந்து இன்னொன்று செய்திருந்தார்.

மதினிக்கு முதலில் புரியவில்லை. "நல்லாத்தான இருக்கு?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். "பிடிக்கும்போது ஒனக்கு ஒண்ணும் தோணலையா?"

"இல்லண்ணே."

"ஒனக்கா? தோணலையா?"

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். தெருவில் ஒரு பலூன்காரன் திருவிழாவுக்காக வந்து ஊதிக்கொண்டு போனான். அவன் சத்தம் முழுவதும் அடங்கும் வரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பச் சரி" என்றார்.

புது ஷீட் வர நாலு நாளாகும். கொடியேற்றம் மறுநாள். அந்தத் தகட்டையே கவிழ்த்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டினார். வடிவம் பொருந்தியது. ஆனால் சீவிச் சரித்த ஓரம் உள்பக்கம் போய்விட்டது. வெளிப்பக்கம் ஓரம் கத்தி மாதிரி, மரத்தைத் தொடாமல் சுற்றிலும் எழும்பி நின்றது. வெள்ளையின் ஓரத்தில் என் விரல்களுக்கு நடுவில் போட்ட ஊசிக்கோடுகள் அங்கங்கே மிச்சமிருந்தன. காயத்துக்குப் பிளாஸ்திரி போட்ட கிட்டார் மாதிரி இருந்தது.

கொடியேற்றப் பூசைக்கு நான் முன்னாடியே போய் நின்றேன். எனக்குப் பாட்டு வராது. ஒயரை யாராவது மிதித்துவிடுவார்கள் என்று ஒயர் பக்கத்தில் நின்றேன். சட்டைப் பையில் இரண்டு வில்லை வைத்திருந்தேன், அவருடையது விழுந்தால் கொடுக்க. அதை அவரிடம் சொல்லவில்லை.

வருகைப் பாட்டு நன்றாகவே போயிற்று. சரக் சத்தம் இல்லை. கீபோர்டுக்காரர் திரும்பி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. விரல் போன பிறகு நான் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காணிக்கைப் பாட்டில் இரண்டாவது சரணம். வில்லை தகட்டின் ஓரத்தில் மாட்டியது. தகட்டின் ஒரு முனை எழும்பியது. வில்லை அவர் கையிலிருந்து தெறித்துக் கிட்டாரின் ஓட்டைக்குள்ளேயே விழுந்தது. உள்ளே அது உருளுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். என் கை பைக்குள் போய்விட்டது. கேட்கட்டும், உடனே கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காமல் நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இனி நான் எதைப் பிடித்தால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது.

கீபோர்டுக்காரர் பட்டனைத் தட்டினார். ஸ்பீக்கரில் கிட்டார் சத்தம் வந்தது. ஒரு பிசிறு இல்லை. பாடுகிற பிள்ளைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள். அவர் இடது கையைக் கம்பிக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து, தொடாமல், தாளத்துக்கு மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். பூசை முடியும் வரை, மிச்சமிருந்த எல்லாப் பாட்டுக்கும்.

யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்ததும் ஒரு வயசான அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டது. "இன்னைக்குத்தான்யா ஒன் கிட்டாரு மணி மாதிரிக் கேட்டுச்சு. விரலு போயும் விடாம வாசிக்கிற பாரு, மாதா காப்பாத்துவா."

"சரி ஆத்தா" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. தடைக்காலம் முடிந்து ஐஸ் கம்பெனி திறந்தும் அவர் வரவில்லை. ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மூட்டையின் ஒரு முனையைக் கதவிடுக்கில் கொடுத்து மறுமுனையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டார் கண்ணில் படவில்லை. நானும் கேட்கவில்லை. மதினியின் ஊர் அரிமளம். முதலில் அங்கே, பிறகு எங்கேயாவது வாட்ச்மேன் வேலைக்கு என்றார்.

"வாட்ச்மேனுக்கு விரலு எதுக்கு? கண்ணு இருந்தாப் போதும்."

நான் அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனேன். வாய் திறந்தால் வேறு வந்தது. "அந்த ஷீட்டுக் காசு நான் தாரேண்ணே. அறுநூத்தி நாப்பது. சம்பளம் வந்ததும் தாரேன்."

அவர் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"நீ எதுக்குத் தரணும்?"

நான் அவரைப் பார்க்காமல் கதவிடுக்கைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. "சரி, தா. பிடிச்ச கூலி நாப்பது ரூவா கழிச்சுக்க" என்றார். தோள் குலுங்கவில்லை.

சம்பளம் வந்த அன்றைக்கே அரிமளத்துக்கு பஸ் ஏறினேன். திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. அதற்கப்புறம் நாலு தடைக்காலம் போய்விட்டது. கோயிலில் இன்றைக்கும் கிட்டார் சத்தம் கேட்கிறது, நாற்காலியில் பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. யாராவது ஏணியைப் பிடி என்றால்கூட நான் விலகிப் போய்விடுகிறேன்.

அவர் சொன்னபடி நாற்பதைக் கழித்துவிட்டேன். நான் அவருக்குத் தர வேண்டிய பாக்கி அறுநூறு ரூபாய்.